அண்ணி உட்கார்ந்து சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

அன்றைக்கு மத்தியானம் அண்ணி கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இதையெல்லாம் ஒரு சம்பவமென்று எழுத வந்துவிட்டானே என்று நீங்கள் நினைக்கலாம். பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், நான்காம் மாடியில் இருந்த எங்கள் வீட்டில் அது சம்பவம்தான். அன்று ரயில்காரர் வேலைநிறுத்தம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் புறநகர் ரயில் ஒன்றும் வரவில்லை. அதனால் எங்கள் வீட்டுக்கும் ஒருவரும் வரவில்லை. மேசையைச் சுற்றி அண்ணை, அண்ணி, அவர்களுடைய மகள், நான். சமைத்த சட்டிகள் எல்லாம் மேசையின் நடுவில். சாப்பிட்டு முடியும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது என்பது என் சட்டம். அண்ணி கதிரையின் முன்விளிம்பில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல, ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "எப்பிடி இருக்குது அண்ணி?" என்று கேட்டேன். "சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. கதிரைதான் சுடுது" என்றார். அண்ணைக்குச் சிரிப்பில் புரையேறியது. தண்ணீர் எடுக்க அண்ணி எழும்பப் பார்க்க, மகள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். தண்ணீர்ப் போத்தல் அண்ணைக்கு முன்னால்தான் இருந்தது.

அண்மையில் எங்கள் ஆட்களின் கூட்டமொன்றில் சீனி வருத்தம், கொழுப்பு, உடற்பருமன் என்று ஒரு டொக்டர் நெடுநேரம் பேசினார். பிரெஞ்சுக்காரர் மாதிரி நேரத்துக்கு, அளவாக, ஆறுதலாகச் சாப்பிடுவது நமது அன்றாட வாழ்க்கைக்கு ஒத்துவருமா என்று பிறகு விவாதம் நடந்தது. நான் பல வருடங்களாகப் பிரெஞ்சு உணவகத்தில் பரிமாறுகிறவன் என்று யாரோ சொல்லிவிட, என்னையும் எழுப்பிவிட்டார்கள். சீஸைப் பற்றியும் சலாட்டைப் பற்றியும் ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்தேன். நான் பேசியிருக்க வேண்டியது அண்ணியைப் பற்றி. பிரெஞ்சுச் சாப்பாட்டுமுறையிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அண்ணி எங்களோடு கூட இருந்து சாப்பிட வேண்டும். அவர் இறந்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன. அந்தக் கூட்டத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரரின் சாப்பாட்டைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் நின்றுகொண்டு அறிந்தது. வாடிக்கையாளர் வருமுன் வேலைக்காரருக்குச் சாப்பாடு. அவசரத்தில் விழுங்கிவிட்டு மேசைகளுக்குப் போனால், அங்கே வேறோர் உலகம். முதலில் ஒரு சிறு தட்டில் நாலு இலை. அதைச் சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்த பிறகுதான் அடுத்தது. ஒரு வாய் வைத்துவிட்டு முள்ளுக்கரண்டியைக் கீழே வைப்பார்கள், பேசுவார்கள், பாணை, அதுதான் ரொட்டியை, பிய்ப்பார்கள். பிறகு சீஸ், பிறகு இனிப்பு, பிறகு கோப்பி. அதன்பின் இரவுவரை வாயில் ஒன்றும் போடுவதில்லையாம். வந்த புதிதில் எனக்கு இது பெரிய பகிடியாக இருந்தது. ஒரு மனிதன் ஒரு வேளை சாப்பிட இத்தனை தட்டு, அத்தனையையும் உள்ளே கழுவுகிறவன் எங்கள் ஊர்க்காரன். ஆனால் ஒருமுறை முதலாளி என்னைத் தன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அங்கேதான் என் பகிடி அடங்கியது. முதலாளியின் மனைவி சட்டியை அப்படியே கொண்டுவந்து மேசை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழும்பவேயில்லை. சட்டி கைக்குக் கை மாறிப் போனது. ஆளாளுக்குப் போட்டுக்கொண்டார்கள். கடைசி ஆள் போட்டுக்கொள்ளும்வரை ஒருவரும் வாயில் வைக்கவில்லை. சீஸ் வேண்டுமென்றபோது முதலாளிதான் எழும்பிப் போனார். அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. அந்த அம்மா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தன் தட்டில் இருந்ததைத் தானே ருசித்துச் சாப்பிட்டதுதான் நினைவிருக்கிறது. ரயிலில் வீட்டுக்கு வரும்போது, அண்ணி சாப்பிடுவதை நான் எப்போதாவது பார்த்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் சாப்பாடு நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கும். அண்ணை விடியமுன் எழும்பி அலுவலகங்கள் கூட்டித் துடைக்கப் போவார். அங்கிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, ஸ்தேன் என்ற புறநகர்ப் பக்கத்தில் ஒரு களஞ்சியசாலைக்கு இரண்டாவது வேலைக்குப் போவார். எனக்கு மத்தியானமும் இரவும் வேலை. நடுவில் கிடைக்கும் இடைவெளியில் வீட்டுக்கு ஓடிவருவேன். மகள் பள்ளிக்கூடத்துக் கன்ரீனில் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பின்னேரம் பசி என்பாள். யார் எத்தனை மணிக்கு வந்தாலும் அண்ணி குசினியிலிருந்து சோற்றோடு வருவார். அண்ணைக்குக் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, எனக்கு வெந்தயக் குழம்பு, மகளுக்கு அவள் கன்ரீனில் பழகிய கிராத்தன். உருளைக்கிழங்கைச் சீவி, பாலும் சீஸும் போட்டு ஓவனில் வேகவைப்பது அது. யாரிடமோ கேட்டுப் பழகி, அண்ணி அதற்குள்ளும் இரண்டு பச்சைமிளகாய் போட்டுவிடுவார். சோற்றை நாங்களாகப் போட்டுக்கொண்டால் அவருக்குக் கோபம் வரும். எங்கள் ஆட்களுக்குப் போட்டுத் தருவதில்தான் எல்லா அன்பும் இருக்கிறது. தானே போட்டுச் சாப்பிடுகிறவனைப் பார்த்தால், ஐயோ இவனுக்கு ஒருவரும் இல்லையோ என்று நமக்கு மனம் பதறும். "நீங்களும் சாப்பிடுங்கோவன் அண்ணி" என்று சொன்னால், "நீர் சாப்பிடும். நான் பிறகு சாப்பிடுறன்" என்பார். இன்னொரு நாள் கேட்டால், "சமைச்ச மணத்திலையே எனக்கு வயிறு நிறைஞ்சிடும் தம்பி" என்பார். அந்தப் 'பிறகு' எப்போது வந்தது, எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் சாப்பிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்போம். கடைசியில் சாப்பிடுகிற பெண்ணை நம் சனம் மெச்சி மெச்சியே வைத்திருக்கிறது. அந்த மெச்சலைக் கேட்டால் இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

2009 வைகாசியில் ஊரில் போர் முடிந்த பிறகு எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது. அண்ணியின் தமையன் குடும்பம் வன்னியில் இருந்தது. அந்த மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அண்ணை தமிழ்ச் செய்திக்கு முன்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். மகள் கட்டிலில் இருந்து கணினியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். நான் குசினி வாசலில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஓடுவேன். அண்ணி மட்டும் ஒரு நாளும் அடுப்பை நிறுத்தவில்லை. தமையனை நினைத்து அழுதிருப்பார், ஆனால் அதையும் நாங்கள் போன பிறகுதான் அழுதிருக்க வேண்டும். ஒருநாள் நான் சோறு வேண்டாம் என்று சொன்னபோது, "சாப்பிடாமல் கிடந்தால் போனவை திரும்பி வரப்போகினமோ, சாப்பிடும்" என்று அதட்டித் தட்டைக் கையில் தந்தார். அவர் சாப்பிட்டாரா என்று அந்த மாதங்களில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வீடு இப்படியே போனால் நாலு பேரும் நாலு அறைவாசிகள் ஆகிவிடுவோம் என்று எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் உணவகத்துக்கு ஞாயிறு விடுமுறை. அப்போதுதான் முதலாளி வீட்டு மேசையை எங்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

அண்ணை உடனே எதிர்த்தார். "உது வேலைவெட்டி இல்லாதவன்ரை சாப்பாடு. நாலு கோப்பை மாத்த ஆருக்கடா நேரம் கிடக்குது?" என்றார். யாழ்ப்பாணத்தில் தட்டுக்குக் கோப்பை என்றுதான் பெயர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அண்ணிக்கு வேறு வகையான சந்தேகம். "கறி வேறை சோறு வேறையாத் தின்னுறதெண்டால் ருசி எங்கையிருந்து வரும்? பருப்பும் புளியும் ஒரு வாய்க்குள்ளை சேர்ந்தால்தானே சாப்பாடு" என்றார். அதுவும் சரிதான். சோறும் கறியும் வரிசையில் வரும் சாதியல்ல. எல்லாம் ஒரே நேரத்தில் தட்டுக்கு வந்து ஒன்றோடொன்று சண்டைபிடித்தால்தான் நமக்குச் சாப்பிட்டது மாதிரி இருக்கும். ஆகவே வரிசையை விட்டுக்கொடுத்தேன். சீஸையும் விட்டுக்கொடுத்தேன். கையால் சாப்பிடுவதை ஒருவரும் விடத் தயாராயில்லை, நானும்தான். கடைசியில் இரண்டே இரண்டு சட்டம் மிஞ்சியது. சட்டிகள் மேசைக்கு வரவேண்டும். இருந்தவர் எழும்பக் கூடாது. மகளுக்கு மட்டும் இது பிடித்துவிட்டது. சிநேகிதிகளின் வீடுகளில் அப்படித்தான் என்று பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். தாய் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, உங்கடை ஆசைக்கு" என்றார்.

நான் கணக்கில் எடுக்க மறந்த ஒன்று இருந்தது. எங்கள் வீடு கார் து நோரிலிருந்து நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் புறநகரில் இருக்கும் எங்கள் சனம் முழுவதும் லா சப்பலுக்குச் சாமான் வாங்க வரும். முருங்கைக்காயும் மீனும் அரிசி மூட்டையும் தூக்கிக்கொண்டு திரும்பவும் ரயிலேற முதல், சற்றே பையை வைத்து இளைப்பாற ஒரு வீடு வேண்டும். அது எங்கள் வீடு. பிரெஞ்சுக்காரர் வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போனால், கதவைத் திறந்தவர் உங்கள் முகத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பார். எங்கள் வீட்டில் கதவைத் திறந்த கையோடு, "வாங்கோ, சாப்பிட்டனீங்களோ?" என்ற கேள்விதான். முதல் ஞாயிறே ஸ்தேன் அக்கா வந்தார். ஸ்தேனில் இருந்து வருவதால் அவருக்கு அந்தப் பெயர். தூரத்து உறவு, நல்ல மனுசி, கலகலவென்று பேசுவார். "நான் சும்மா எட்டிப் பாத்திட்டுப் போவமெண்டுதான் வந்தனான்" என்று அவர் சொல்லி முடிக்கும் முன் அண்ணி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். தன் தட்டைத் துடைத்து அக்காவுக்கு முன்னால் வைத்தார். நான் முறைத்துப் பார்த்தேன். "வந்தவையை நிக்க வைச்சுப்போட்டு நான் இருந்து சாப்பிடுறதோ தம்பி?" என்று என் காதோடு சொல்லிவிட்டு, அக்காவுக்கென்று மீன் பொரிக்கக் குசினிக்குள் போனார். இன்னொரு கதிரை வாங்கினேன். வந்தவர்கள் இரண்டு பேராக வந்தார்கள்.

இப்படியே எத்தனையோ ஞாயிறுகள். மேசை வெற்றிதான் என்று சொல்ல வேண்டும். அண்ணை செய்தியை அணைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். மகள் பள்ளிக்கூடத்துக் கதைகளைப் பிரெஞ்சில் சொல்ல, நான் இடையில் தமிழாக்குவேன். அவளுடைய வாத்தியாரைப் போல அண்ணை நடித்துக் காட்டுவார். விருந்தாளிகளுக்கும் இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம், அண்ணியைத் தவிர. வேலைநிறுத்தம் நடந்த அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவரும் கடைசிவரை எங்களோடு இருந்தார். பிறகு எங்கள் உணவகம் ஞாயிறும் திறக்கத் தொடங்கியது. அண்ணைக்கும் கிழமை கடைசிகளில் வேலை வந்தது. மேசைக்கு மேல் துணிக்கூடையும் மகளின் புத்தகங்களும் ஏறின. நாங்கள் பழையபடி ஆளுக்கொரு நேரத்துக்குச் சாப்பிட்டோம். அண்ணி பழையபடி எல்லோருக்கும் பிறகு சாப்பிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் காலை கடையிலிருந்து வந்த அண்ணி இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கீழ்வீட்டு வயதான பிரெஞ்சு மாது கண்டு, மேலே வந்து கதவைத் தட்டினாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அண்ணி எவ்வளவு பாரமிருப்பார் என்று நினைத்துத் தூக்கினேனோ, அவர் அந்தப் பாரம் இருக்கவில்லை. குளிர்காலம், உள்ளே இரண்டு சட்டை, மேலே ஸ்வெட்டர். அதற்குள் ஆள் கரைந்துபோனது ஒருவருக்கும் தெரியவில்லை. பரிசோதனைகள் முடிந்து டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். அண்ணை, அண்ணி, மொழிபெயர்க்க நான். உணவுக்குழாயில் புற்றுநோய், பரவியும் விட்டது. அதைச் சொன்னவர் ஒரு நடுத்தர வயதுப் பெண், மிகவும் மென்மையாகத்தான் சொன்னார். பிறகு, சாப்பாடு விழுங்கக் கஷ்டப்படத் தொடங்கி எவ்வளவு காலம் என்று கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன். டொக்டருக்கு நாங்கள் கேள்வியை விளங்கிக்கொள்ளவில்லை என்று பட்டிருக்க வேண்டும். மேசையில் அவர் மற்றவர்களைவிட மெதுவாகச் சாப்பிட்டாரா, இறைச்சியையோ பாணையோ தட்டில் மிச்சம் வைத்தாரா என்று கேள்வியை உடைத்து உடைத்துக் கேட்டார். ஒரு வீட்டில் இருக்கிறவர்கள் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், ஒருவர் தட்டை மற்றவர் பார்ப்பார் என்பது அந்தப் பெண்ணுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. அவர் எங்களைக் குற்றம் சொல்லவேயில்லை.

கடைசியில் அண்ணிதான் பதில் சொன்னார். "கன நாளாச் சோறு இறங்கேல்லை தம்பி. கஞ்சியும் சொதியுமாக் குடிச்சுச் சமாளிச்சனான் எண்டு சொல்லும்." அதை நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன், விசாக்காரரிடம், வீட்டுக்காரரிடம், பொலிஸிடம். அந்த ஒரு வசனத்துக்குப் போல என் நாக்கு எதற்கும் தடுமாறியதில்லை. வெளியே வந்து நடைபாதையில் நின்று அண்ணை, "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார். அவர் மனைவியை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவார், எங்கள் பக்கத்துப் புருசன்மார் அப்படித்தான். "நீங்கள் வேலையாலை களைச்சு வாறனியள். சாப்பிடேக்கை உதைச் சொல்லுறதோ?" என்றார் அண்ணி. சாப்பிடும்போது மனம் நோகும்படி ஒன்றும் சொல்லக் கூடாதாம். சாப்பிடாத நேரத்திலோ நாங்கள் வீட்டில் இருப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணிக்குச் சாப்பாடு முறையாக வந்தது. குறித்த நேரத்துக்கு, சில்லு வைத்த மேசையில், ஒரு தட்டில் சூப், மசித்த மரக்கறி, சிறு பொட்டலத்தில் சீஸ், கிண்ணத்தில் பழக்கூழ். ஒவ்வொன்றும் அளவாக. வேறொருவர் சமைத்ததை, வேறொருவர் கொண்டுவந்து வைக்க, எல்லோருக்கும் முதல் அவருக்கு வந்த சாப்பாடு அதுதான். இரண்டு கரண்டிக்குமேல் அவரால் முடியவில்லை. நான் வேலைக்கு இடையில் ஓடிப்போவேன். போனவுடன் மேசையை என் பக்கம் தள்ளுவார். "வேலையாலை நேரே வாறீர் போலை கிடக்குது. ஆறமுதல் சாப்பிடும்" என்பார். வேண்டாம் என்று ஒருநாள் மறுத்தேன். அவருடைய முகம் வாடிப்போனது. அதன்பின் மறுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த உப்பில்லாச் சூப்பைக் குடிப்பேன். அண்ணி தலையணையில் சாய்ந்துகொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியொரு திருப்தி அந்த முகத்தில். அவருக்கு நான் செய்ய முடிந்தது அவருடைய சாப்பாட்டைச் சாப்பிடுவதுதான். பிறகு குழாயால் உணவு ஏற்றத் தொடங்கினார்கள். அந்தத் தட்டு வருவதும் நின்றது. மரங்கள் துளிர்க்கத் தொடங்கிய நாட்களில் அண்ணி போய்விட்டார்.

ஆகவே, பிரெஞ்சுச் சாப்பாட்டுமுறை ஒத்துவருமா என்று என்னைக் கேட்டால் என் பதில் இதுதான். முழுதாக ஒத்துவராது. இரண்டு வேலை செய்கிறவனுக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்றில்லை. இப்போதெல்லாம் பிரெஞ்சுக்காரரே மெட்ரோவில் நின்றுகொண்டு சான்ட்விச் கடிக்கிறார்கள். வரிசையும் சீஸும் நமக்கு வேண்டாம். உடம்பு மெலிய அது உதவுமா என்பதை டொக்டர்மார் சொல்லட்டும். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பதை நாம் ஒரு நாளும் விடக் கூடாது, அதில் பிரெஞ்சுக்காரர்தான் நம்மிடம் படிக்க வேண்டும். ஆனால் சமைத்தவரை உட்கார வையுங்கள். அவர் வேண்டாமென்பார், கதிரை சுடுகிறது என்பார், பகிடி விட்டு எழும்பப் பார்ப்பார். விடாதீர்கள். கிழமையில் ஒரு வேளையாவது அவர் உங்களுக்கு முன்னால் இருந்து, உங்கள் கண் பார்க்கச் சாப்பிட வேண்டும். மற்றதெல்லாம் வசதியைப் பொறுத்தது.

எங்கள் வழக்கத்தில் எட்டுச்செலவு என்று ஒன்று உண்டு. இறந்தவருக்கு விருப்பமான சாப்பாடுகளைச் சமைத்துப் படைக்கும் நாள். அன்று விடிந்ததும் ஸ்தேன் அக்கா இரண்டு பெண்களோடு வந்துவிட்டார். லா சப்பல் கடைகளில் வாங்கிய வாழையிலை, மரக்கறி, மீன் எல்லாவற்றையும் குசினியில் பரப்பி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கேட்டார்: "சொல்லுங்கோ, அவவுக்கு என்ன விருப்பம்? அதை முதல்லை வைப்பம்."

அண்ணை மகளைப் பார்த்தார். "ஜ செ பா, பப்பா" என்றாள் அவள். தெரியாது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை வரும் வாடிக்கையாளருக்கு இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்று சொல்லக்கூடியவன் நான். வேலைநிறுத்த நாளை நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி போட்டுக்கொண்டார், எல்லாம் நல்லாயிருக்குது என்றார், எழும்பிவிடுவாரோ என்றுதான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், தட்டைப் பார்க்கவில்லை. "எனக்கு மீன்பொரியல் எண்டால் விருப்பமெண்டு அவவுக்குத் தெரியும். நான் வரேக்கையெல்லாம் பொரிச்சுத் தருவா. அவவுக்கு என்ன விருப்பமெண்டு நான் கேட்டதேயில்லை" என்று சொல்லிக்கொண்டே ஸ்தேன் அக்கா தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். அண்ணை யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணியின் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார். எல்லோரும் கேட்கும்படி அதை மேசையில் வைத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "அத்தான், அக்கா எங்களுக்குப் போட்டுத் தந்துபோட்டுப் பிறகுதான் சாப்பிடுறவ. எனக்கும் தெரியாது. நீங்கள்தானே இவ்வளவு காலமும் கூட இருந்தனீங்கள்?"

அதற்காகப் படையலை நிறுத்த முடியுமா? அண்ணை மெல்லிய குரலில், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைக்கச் சொன்னார். மகள் தானே கிராத்தன் செய்தாள், பச்சைமிளகாயும் போட்டாள். நான் வெந்தயக் குழம்பு என்றேன். ஸ்தேன் அக்கா மீன் பொரித்தார். எங்கள் எல்லோருக்கும் விருப்பமானவை ஒவ்வொன்றாக இலைக்கு வந்தன. படத்துக்கு முன்னால் வாழையிலையை விரித்து, சோறு போட்டு, கற்பூரம் காட்டினோம். படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது வழக்கம். இறந்தவர் வந்து சாப்பிடும்போது ஒருவரும் பார்க்கக் கூடாதாம். நாங்கள் படிக்கட்டில் வந்து நின்றோம்.

ஏன் வெளியே நிற்கிறோம் என்று மகள் கேட்டாள். "அம்மா சாப்பிடேக்கை ஆரும் பாக்கக் கூடாது பிள்ளை" என்றார் ஸ்தேன் அக்கா. மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கு எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை, அன்று தமிழில் சொன்னாள்: "இவ்வளவு காலமும் பாக்கேல்லைத்தானே." சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். ஆறு தட்டுகளை எடுத்து வைத்தாள். ஒரு தட்டில் தனக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டு, தாயின் படத்துக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாப்பிடத் தொடங்கவில்லை, எங்களுக்காகக் காத்திருந்தாள். ஸ்தேன் அக்கா தடுப்பார் என்று நினைத்தேன், தடுக்கவில்லை. அண்ணை போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். பிறகு நான், பிறகு மற்றவர்கள். ஒருவருக்கொருவர் சட்டியைக் கைமாற்றினோம். ஒருவரும் எழும்பவில்லை. அண்ணியின் இலையைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடியும்வரை அதில் ஒன்றும் குறையவில்லை.